பிஷரா, கார்ல்சனா?

1972-இல் செஸ் வீரர் பாபி பிஷரின் எலோ ரேட்டிங் 2785. 2014-இல் மாக்னஸ் கார்ல்சன் தொட்ட உச்சம் 2882. 97 புள்ளி கூடுதல். அதனால் கார்ல்சன்தான் பலசாலி என்று சொல்லிவிடலாமா? முடியாது.

அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ஆர்பாட் எலோ வகுத்த இந்தக் கணக்கு யாருடைய திறமையையும் நேராக அளப்பதில்லை. மோதும் இருவரின் ரேட்டிங் வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. ரேட்டிங்கில் 100 புள்ளி முன்னால் இருப்பவர் 100 ஆட்டங்களில் சுமார் 64 ஆட்டப் புள்ளி எடுக்க வேண்டும். 200 என்றால் சுமார் 76. அதற்கு மேல் எடுத்தால் ரேட்டிங் ஏறும், குறைந்தால் இறங்கும். ஒரே காலத்தில் ஆடுகிறவர்களுக்குள்தான் இந்த எண் செல்லுபடியாகும்.

ஆகவே, சமகாலத்தவரை எவ்வளவு தூரம் பின்னால் விட்டார் என்று பார்ப்பதே நியாயம். பிஷர் அன்றைய உலக சாம்பியன் ஸ்பாஸ்கியைவிட 125 புள்ளி மேலே நின்றார். முந்தைய ஆண்டு முன்னணி வீரர்களான தைமனோவ், லார்சன் இருவரையும் ஒரு டிராகூடக் கொடுக்காமல் தலா 6–0 என்று நொறுக்கியிருந்தார். என் ஓட்டு பிஷருக்கே.

கம்ப்யூட்டரை நடுவராக்கும் வழியும் உண்டு. 2006-இல் ஸ்லோவேனிய ஆய்வாளர்கள் குயிட், பிராட்கோ இருவரும் உலக சாம்பியன்களின் நகர்த்தல்களை கிராஃப்டி என்ற செஸ் நிரலைக் கொண்டு சோதித்தார்கள். மிகக் குறைவாகப் பிழை செய்தவர், 1921-இல் பட்டம் வென்ற கியூபாவின் கபாபிளாங்கா! ஆனால் சிக்கலைத் தவிர்த்து ஆடுபவருக்குப் பிழை குறைவது இயல்பு. இன்றைய வீரர்களுக்கோ வேறொரு சலுகை: தொடக்க நகர்த்தல்களை அவர்கள் கற்பதே கம்ப்யூட்டரிடம்தான்.