பகடைக்கு ஒரு விலைப்பட்டியல்

லாஸ் வேகாஸ் கேசினோ எதிலும் கிராப்ஸ் மேசையைத் தேடி அலைய வேண்டியதில்லை. எங்கிருந்து கூச்சல் வருகிறதோ அங்கே இருக்கும். தொட்டி போல உயர்ந்த விளிம்பு வைத்த நீண்ட மேசை, அடியில் கட்டங்களும் எண்களும் அச்சிட்ட விரிப்பு, சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். ஒருவர் இரண்டு பகடைகளை எறிகிறார். அத்தனை பேரின் பணமும் அந்த ஒரே எறிதலை நம்பி நிற்கிறது.

பழைய பாணி விரிப்புகளின் மூலையில் 6, 8 என்ற இரண்டு எண்களைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பெரிய 6-இன் மேல் 12 டாலர் வைத்தால், 7 விழுவதற்குள் 6 விழுந்தால் 12 டாலர் லாபம். 7 முந்திக்கொண்டால் வைத்தது போச்சு. அதே மேசையில் அதே 12 டாலரை டீலரிடம் கொடுத்து, 6-க்கு ‘பிளேஸ்’ பந்தயம் என்று சொன்னால், 7-க்கு முன் 6 விழும்போது 14 டாலர் லாபம் தருவார். பகடை ஒன்று, எண் ஒன்று, வெல்வதும் தோற்பதும் ஒரே கணத்தில். கைக்கு வரும் தொகையில்தான் வேறுபாடு. அந்த 2 டாலர் வேறுபாட்டால், முதல் பந்தயத்தில் சூதாட்ட விடுதி எடுத்துக்கொள்ளும் பங்கு 9.09 சதவீதமாகவும், இரண்டாவதில் 1.52 சதவீதமாகவும் ஆகிறது. சரியாக ஆறு மடங்கு!

கிராப்ஸை ஒரு கணிதப் பாடமாக நான் மதிப்பது இதற்காகத்தான். சூதாட்ட விடுதியின் லாபம் பகடையில் ஒளிந்திருப்பதாகவே பலரும் நினைக்கிறார்கள். அது இருப்பது விலையில். ஒவ்வொரு பந்தயத்துக்கும் நியாயமாகத் தர வேண்டிய தொகை ஒன்று உண்டு. விடுதி அதைவிடக் கொஞ்சம் குறைத்துத் தருகிறது. இந்தக் குறைப்பைத்தான் ‘ஹவுஸ் எட்ஜ்’ என்கிறார்கள். மேசையில் எல்லாமே வெளிப்படை. எண்ணத் தெரிந்தவர் எவரும் அந்த விலைகளைத் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதலில் பகடையைப் பார்த்துவிடுவோம். நம் தாயக்கட்டைக்கு நான்கு முகம். இது ஆறு முகம் கொண்ட கனசதுரம். கேசினோப் பகடையின் பக்கம் முக்கால் அங்குலம். செல்லுலோஸ் அசிடேட் என்ற, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் செய்தது. உள்ளே ஈயம் எதையும் மறைக்க முடியாது. புள்ளிகளுக்காகக் குடைந்த குழிகளில் அதே அடர்த்தியுள்ள வண்ணக் கலவையை நிரப்பி, மேற்பரப்போடு சமமாகத் தேய்த்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் ஆறு குழி உள்ள பக்கம் ஒரு குழி உள்ள பக்கத்தைவிட இலேசாகிவிடும். பக்க அளவில் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பிசகக் கூடாது. எறியும் பகடை எதிர்ச் சுவரில் மோதித் திரும்ப வேண்டும் என்பது விதி. அந்தச் சுவரில் சிறு சிறு கூம்புகள் கொண்ட ரப்பர் பட்டை ஒட்டியிருக்கும். எவ்வளவு பழகிய கையானாலும், அந்தக் கூம்புகளில் பட்டுச் சிதறும் பகடையைக் கட்டுப்படுத்துவது கடினம்.

இரண்டு பகடைகள் விழும் வழிகள் 36. இதை 21 என்று எண்ணுவோரும் உண்டு. 3-ம் 4-ம் விழுவதை ஒரே வழியாகக் கொள்வதால் வரும் குழப்பம் அது. ஒரு பகடை சிவப்பு, மற்றது நீலம் என்று கொண்டால் தெளிவாகிவிடும். சிவப்பில் 3 நீலத்தில் 4 என்பது ஒன்று, சிவப்பில் 4 நீலத்தில் 3 என்பது வேறொன்று. இதே வகைக் குழப்பம் கலிலியோ வரை போயிருக்கிறது. மூன்று பகடை ஆட்டத்தில் 9, 10 இரண்டுக்குமே ஆறு ஆறு கூட்டுகள்தான் இருக்கின்றன, இருந்தும் 10 ஏன் அடிக்கடி விழுகிறது என்று அவரிடம் கேட்டார்கள். அவர் 216 வழிகளையும் எண்ணி, 9-க்கு 25, 10-க்கு 27 என்று காட்டினார். 216-இல் 2 என்ற அந்த நுண்ணிய வேறுபாட்டை வெறும் ஆட்ட அனுபவத்திலேயே உணர்ந்திருந்த அந்தச் சூதாடிகளின் கவனம் என்னை வியக்க வைக்கிறது.

இரண்டு பகடைக்கு வருவோம். 7 விழ 6 வழிகள். 6-க்கும் 8-க்கும் ஐந்தைந்து. 5, 9-க்கு நான்கு நான்கு. 4, 10-க்கு மும்மூன்று. 3, 11-க்கு இரண்டிரண்டு. 2-க்கும் 12-க்கும் ஒவ்வொன்று. கிராப்ஸ் முழுவதும் இந்த ஒரே பட்டியலின் மேல் எழுப்பியது. இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தப் பந்தயத்தின் நியாய விலையையும் விரல் மடக்கிச் சொல்லிவிடலாம்.

ஆட்டத்தின் முதுகெலும்பு ‘பாஸ் லைன்’ பந்தயம். முதல் எறிதலில் 7 அல்லது 11 விழுந்தால் உடனே வெற்றி. 2, 3, 12 விழுந்தால் உடனே தோல்வி. வேறு எண் விழுந்தால் அந்த எண் ‘பாயிண்ட்’ ஆகிறது. அதன் பிறகு அந்தப் பாயிண்ட் மறுபடி விழும்வரை, அல்லது 7 விழும்வரை எறிந்துகொண்டே போக வேண்டும். பாயிண்ட் முந்தினால் வெற்றி. 7 முந்தினால் தோல்வி. வென்றால் வைத்த தொகைக்குச் சமமான லாபம்.

இதில் விடுதியின் பங்கு எவ்வளவு? பின்னம் இல்லாமல் முழு எண்களிலேயே கணக்கைப் போட 1980 சுற்றுகளை எடுத்துக்கொள்வோம். சராசரியாக அதில் 440 சுற்றுகள் முதல் எறிதலிலேயே வெற்றி, 220 சுற்றுகள் முதல் எறிதலிலேயே தோல்வி. மீதி 1320-இல் பாயிண்ட் நிற்கும். 4 பாயிண்டாவது 165 முறை. 4-க்கு 3 வழி, 7-க்கு 6 வழி என்பதால், 55 வெற்றி, 110 தோல்வி. 10-க்கும் அப்படியே. 5 பாயிண்டாவது 220 முறை. அதில் 88 வெற்றி, 132 தோல்வி. 9-க்கும் அதே. 6 பாயிண்டாவது 275 முறை. 125 வெற்றி, 150 தோல்வி. 8-க்கும் அதே. எல்லாவற்றையும் கூட்டினால் 976 வெற்றி, 1004 தோல்வி. வித்தியாசம் 28. அதை 1980-ஆல் வகுத்தால் 1.41 சதவீதம்.

இந்த இடத்தில் கூர்மையான வாசகருக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். எறிபவர் 28 சுற்று அதிகமாகத் தோற்கிறார் என்றால், அவருக்கு எதிராகப் பந்தயம் கட்டினால் 28 சுற்று அதிகமாக வெல்லலாமே? கட்டலாம். அதற்கென்றே ‘டோன்ட் பாஸ்’ என்ற பந்தயம் இருக்கிறது. ஆனால் அதில் ஒரேயொரு சின்ன விதி: முதல் எறிதலில் 12 விழுந்தால் பாஸ் லைன்காரர் தோற்பார், டோன்ட் பாஸ்காரருக்கோ வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை, பணம் அப்படியே இருக்கும். 1980 சுற்றில் முதல் எறிதலில் 12 விழுவது 55 முறை. 1004 வெற்றியிலிருந்து அந்த 55-ஐக் கழித்தால் 949. தோல்வி 976. வித்தியாசம் 27, அதுவும் இப்போது விடுதியின் பக்கம். 28 லாபமாக இருந்த பந்தயத்தை 27 நஷ்டமாகத் திருப்ப, 36 வழிகளில் ஒன்றைச் செல்லாததாக்கியதே போதுமானதாயிற்று. மேசைக்கு இரு பக்கமும் ஆள் நிற்கலாம்; இரு பக்கத்திலும் விடுதிக்குக் கிட்டத்தட்ட ஒரே பங்கு. சூதாட்ட விதிகளிலேயே இதைவிட நேர்த்தியான ஒரு திருத்தம் எனக்குத் தெரியாது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்படி எதிர்ப் பக்கமும் பந்தயம் கட்ட வழி செய்தவராக ஜான் வின் என்ற அமெரிக்கப் பகடைத் தயாரிப்பாளரைச் சொல்கிறார்கள். அதன் விளைவு கணக்கோடு நிற்கவில்லை. அதற்கு முன் மேசை நடத்துபவர் எப்போதும் ஒரே பக்கம் இருந்தார். ஈயம் வைத்த பகடையால் எறிபவர்களை ஏமாற்ற முடிந்தது. இரு பக்கமும் திறந்துவிட்ட பிறகு கோணல் பகடை யாரோ ஒரு ஆட்டக்காரருக்குச் சாதகமாகிவிடும். அதனால் பகடை நேர்மையாக இருக்க வேண்டும் என்பது விடுதியின் சொந்தத் தேவையாகவே ஆகிவிட்டது.

ஆட்டத்தின் வேர் இங்கிலாந்தின் ‘ஹஸார்ட்’ என்ற பழைய பகடை ஆட்டத்தில் இருக்கிறது. ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்திலேயே இருந்த அது பிரெஞ்சுக்காரர்கள் வழியாக அமெரிக்கா வந்தது. நியூ ஆர்லியன்ஸின் பெரும் நிலக்கிழார் பெர்னார் த மரிஞ்ஞி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் பண்ணையை மனைகளாகப் பிரித்தபோது ஒரு வீதிக்குக் கிராப்ஸின் பெயரையே வைத்தார். அது பின்னாளில் பர்கண்டி தெரு ஆயிற்று. நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஆட்டம் மிசிசிப்பி ஆற்றுப் படகுகள் வழியாகவும், கறுப்பினத் தொழிலாளர்களின் தெருமுனை ஆட்டமாகவும் பரவியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் போர்வையை விரித்து அதன்மேல் ஆடினார்கள்.

மறுபடி மேசைக்கு. விரிப்பில் எங்கும் அச்சிடாத பந்தயம் ஒன்று உண்டு. பெயர் ‘ஆட்ஸ்’. பாயிண்ட் நின்ற பிறகு, உங்கள் பாஸ் லைன் சில்லுகளுக்குப் பின்னால் கூடுதலாகச் சில்லுகளை வைக்கலாம். இதற்கு விடுதி தருவது முழு நியாய விலை: 4 அல்லது 10 என்றால் 1-க்கு 2, 5 அல்லது 9 என்றால் 2-க்கு 3, 6 அல்லது 8 என்றால் 5-க்கு 6. மேலே சொன்ன பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அப்படியே பொருந்தும். விடுதியின் பங்கு பூஜ்யம். கேசினோவில் இப்படிப்பட்ட பந்தயம் மிக அரிது. அதற்கென்று கட்டமும் இல்லை, எழுத்தும் இல்லை. தெரிந்தவர் வைப்பார்.

ஆனால் இதைப் பற்றிப் பரவலாகச் சொல்லும் ஒரு வாக்கியத்தை நான் ஏற்பதில்லை. ஆட்ஸ் வைத்தால் ஹவுஸ் எட்ஜ் குறைகிறது என்பார்கள். பல விடுதிகளில் 4, 10-க்கு மூன்று மடங்கு, 5, 9-க்கு நான்கு மடங்கு, 6, 8-க்கு ஐந்து மடங்கு வரை ஆட்ஸ் வைக்க அனுமதி உண்டு. முழுவதும் வைத்து ஆடினால் விடுதியின் பங்கு 0.37 சதவீதமாக இறங்குகிறது என்பது உண்மையே. ஆனால் 10 டாலர் பாஸ் லைனில் 1980 சுற்று ஆடினால் எதிர்பார்க்கும் நஷ்டம் 280 டாலர்; ஆட்ஸ் வைத்தாலும் அதே 280 டாலர்தான். முன்பு 19,800 டாலர் பந்தயத்தில் இழந்ததை இப்போது 74,800 டாலர் பந்தயத்தில் இழக்கிறீர்கள், அவ்வளவே. சதவீதம் சிறுத்தது வகுக்கும் எண் பெருத்ததால். அதோடு ஏற்ற இறக்கமும் பல மடங்கு பெருகுகிறது. பாஸ் லைனில் வைக்கும் தொகையைக் குறைத்து மீதியை ஆட்ஸுக்கு மாற்றினால்தான் நஷ்டம் உண்மையாகவே குறையும்.

மேசையின் நடுப்பகுதி வேறு உலகம். வளைந்த கழியோடு நிற்கும் ஸ்டிக்மேன் பகடையை நகர்த்துவதோடு, இந்த நடுப்பகுதிப் பந்தயங்களைக் கூவிக் கூவி அழைப்பதும் உண்டு. அடுத்த எறிதலில் 7 விழும் என்ற பந்தயத்தின் நியாய விலை 1-க்கு 5, தருவது 4. விடுதியின் பங்கு 16.67 சதவீதம். 12 விழும் என்றால் நியாயம் 35, தருவது 30. பங்கு 13.89 சதவீதம். 8 என்ற எண் 4-ம் 4-மாக விழ வேண்டும், 7-ம் வேறு வகை 8-ம் அதை முந்தக் கூடாது என்ற பந்தயத்தில் நியாயம் 10, தருவது 9.

எனக்கு மிகவும் கோபமூட்டுவது ‘ஃபீல்ட்’ என்ற கட்டம். 2, 3, 4, 9, 10, 11, 12 ஆகிய ஏழு எண்களில் எது விழுந்தாலும் வெற்றி. 5, 6, 7, 8 என்ற நான்கு எண்கள் மட்டுமே தோல்வி. 2-க்கும் 12-க்கும் இரட்டிப்புத் தொகை வேறு. கண்ணுக்கு இது வாரி வழங்குவதாகத் தெரியும். வழிகளை எண்ணுங்கள்: அந்த ஏழு எண்களுக்கும் சேர்ந்து 16 வழி, அந்த நான்குக்கு 20. இரட்டிப்பையும் சேர்த்த பிறகும் விடுதியின் பங்கு 5.56 சதவீதம். எண்களை எண்ணுபவருக்கும் வழிகளை எண்ணுபவருக்கும் இடையே இருக்கும் தூரத்தை இந்தக் கட்டம் பணமாக்கிக்கொள்கிறது.

சதவீதத்தோடு வேகத்தையும் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் 100 எறிதல் என்று வைத்துக்கொள்வோம். பாஸ் லைன் சுற்று ஒன்று முடியச் சராசரியாக 3.4 எறிதல் ஆகும். மணிக்கு 30 சுற்று. 10 டாலர் வீதம் வைத்தால் எதிர்பார்க்கும் நஷ்டம் 4 டாலருக்குச் சற்று மேல். அதே 10 டாலரை ஒவ்வொரு எறிதலிலும் 7-இன் மேல் வைத்தால் மணிக்கு 167 டாலர்.

இவை எல்லாம் சராசரிக் கணக்குகள். தனி மனிதரின் ஒரு மாலைப் பொழுது சராசரிக்குக் கட்டுப்பட்டதல்ல. 2009 மே மாதம் அட்லாண்டிக் சிட்டியில் உள்ள பொர்காட்டா விடுதியில் ஒரு பெண்மணி 154 முறை எறிந்தார். நான்கு மணி நேரத்துக்கும் மேலாக, பாயிண்ட் நிற்கையில் 7 விழவே இல்லை. சாதாரணமாக ஒருவர் கையில் பகடை இருப்பது எட்டு ஒன்பது எறிதல் வரைதான். அந்த நீளத்துக்கு ஒரு கை போவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 560 கோடியில் ஒன்று. ஆனாலும் உலகில் தினமும் உருளும் பகடைகளின் எண்ணிக்கையை நினைத்தால், இவ்வளவு நீண்ட கை என்றாவது எங்காவது வந்தே தீரும்.

10 டாலர் வீதம் பாஸ் லைனில் 100 சுற்று ஆடுபவரின் எதிர்பார்ப்பு நஷ்டம் 14 டாலர்; ஆனால் ஏற்ற இறக்கத்தின் வழக்கமான அளவு, அதாவது திட்ட விலக்கம், 100 டாலர். அதனால் அப்படி ஆடும் 100 பேரில் கிட்டத்தட்ட 40 பேர் லாபத்தோடுதான் எழுந்து போவார்கள். அவர்கள் சொல்லும் கதை பொய்யல்ல. விடுதி இருக்கும் இடம் வேறு. அது 10 லட்சம் சுற்றுகளைப் பார்க்கிறது. அங்கே எதிர்பார்க்கும் வருமானம் 1,41,000 டாலரைத் தாண்டுகிறது. திட்ட விலக்கமோ 10,000 டாலர்தான். சுற்றுகள் பத்தாயிரம் மடங்கு பெருகும்போது பங்கும் பத்தாயிரம் மடங்கு பெருகுகிறது. ஏற்ற இறக்கம் நூறு மடங்குதான் பெருகுகிறது. 28-க்கும் 1980-க்கும் இடையிலான அந்த ஒல்லியான விகிதம் ஒரு கட்டடத்தையே தாங்கி நிற்பது இந்தக் கணக்கின் பலத்தில்.