ஜீப்புக்கும் உண்டு நரம்பு மண்டலம்!

நம் உடம்பு முழுவதும் நரம்புகள் ஓடுவதை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். மூளையின் கட்டளையைக் கைக்கும் காலுக்கும் கொண்டு போவது நரம்பு. மோட்டார் வண்டிக்குள்ளும் இப்படி ஒன்று உண்டு. அதுதான் வயரிங். பேட்டரியில் உள்ள மின்சாரத்தை விளக்கு, ஹாரன், வைப்பர், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாவற்றுக்கும் கொண்டு போவது இந்த வயர்கள்தான்.

வயதான ஜீப்புக்கு இந்த 'நரம்பு' கெட்டுப்போனால் என்ன செய்வார்கள்? எந்தெந்தக் கருவி வேண்டும்? வாருங்கள், பார்ப்போம்.

மலை ஏறும் வண்டி

இரண்டாம் உலகப் போரின்போது, 1941-ம் ஆண்டு முதல் அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகள் ஜீப்புகளைச் செய்து குவித்தன. போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேல் செய்துவிட்டார்கள்! நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசை போவதால் சேறு, மணல், பாறை எதிலும் ஏறிவிடும். 1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பிறகு நம் நாட்டு மலைப்பாதைகளுக்கெல்லாம் ஜீப் வந்து சேர்ந்தது.

நம் ஆற்காட்டிலிருந்து தென்மேற்கே போனால் ஜவ்வாது மலை. மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி தாண்டினால் ஏலகிரி மலை. ஏலகிரிக்குப் போகும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இரவு நேரத்தில் அப்படி ஒரு வளைவில் திரும்பும்போது ஹெட்லைட் இரண்டும் சட்டென்று அணைந்தால்? நினைத்தாலே நடுங்குகிறது அல்லவா! பழைய வயரிங்கில் இது நடக்கக்கூடியதுதான்.

வயர் ஏன் கெடுகிறது?

அந்தக் கால ஜீப்புகளில் வயருக்கு மேல் ரப்பரும், அதன்மேல் பின்னிய நூலும் உறையாக இருந்தன. எஞ்சின் சூட்டில் ரப்பர் காய்ந்து அப்பளம்போல் நொறுங்கிவிடும். எலி கடித்துவிடும். தகட்டின் ஓரத்தில் உரசி உறை கிழியும். உள்ளே இருக்கும் செம்புக் கம்பி வண்டியின் இரும்புப் பாகத்தைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட்! வயர் பழுக்கக் காய்ந்து வண்டியே தீப்பிடிக்கலாம். அதனால்தான் ஒட்டுப்போட்டு ஓட்டாமல், மொத்த வயரிங்கையும் புதிதாக மாற்றுகிறார்கள்.

தோலில் இருந்து வந்த பெயர்

எல்லா வயர்களையும் ஒன்றாகக் கட்டிய தொகுப்புக்கு 'வயரிங் ஹார்னஸ்' என்று பெயர். குதிரையை வண்டியில் பூட்டும் தோல் வார்களின் தொகுப்புக்கும் ஆங்கிலத்தில் ஹார்னஸ் என்றுதான் பெயர். தோல் தொழிலுக்குப் பேர்போன ராணிப்பேட்டையும் ஆம்பூரும் நமக்குப் பக்கத்து ஊர்கள். இந்தப் பெயர் நமக்கு எளிதில் மறக்காது!

கருவிப் பெட்டியில் என்ன இருக்கும்?

ஸ்பேனர் செட், ஸ்குரு டிரைவர்: எல்லா வேலைக்கும் முதல் தேவை.

வயர் ஸ்டிரிப்பர்: உள்ளே உள்ள கம்பி இழைகள் அறுபடாமல் மேல் உறையை மட்டும் உரிக்கும். பல்லால் கடித்து உரிப்பது தப்பு. பல்லும் போகும், இழையும் போகும்!

கிரிம்பிங் பிளையர்: வயரின் நுனியில் 'லக்' எனப்படும் உலோக முனையை வைத்து இறுக அமுக்கும். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்த இடம் விறைத்துப் போகும். வண்டியின் அதிர்வில் ஈயம் முடியும் இடத்தில் வயர் ஒடியலாம். அதனால் வண்டிகளில் அமுக்கிய இணைப்பே நல்லது.

டெஸ்ட் லேம்ப்: ஒரு சின்ன பல்பு, இரண்டு வயர். மின்சாரம் வருகிறதா என்று எரிந்து காட்டும்.

மல்டிமீட்டர்: எத்தனை வோல்ட் வருகிறது, வயர் எங்காவது அறுந்திருக்கிறதா என்று சொல்லும்.

வாங்க வேண்டிய பொருட்கள்: பல நிறங்களில் பல இழைச் செம்பு வயர், லக்குகள், ஃபியூஸ் பெட்டி, ரிலே, இன்சுலேஷன் டேப், தகட்டு ஓட்டைகளில் மாட்டும் ரப்பர் வளையம், உப்புத்தாள், பெயர் எழுதிக் கட்டச் சின்னச் சீட்டுகள். வீட்டுக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயர் இங்கே உதவாது. அதிர்வில் ஒடிந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு

எந்த வயர் எவ்வளவு தடிமன் என்பதைக் குத்துமதிப்பாக முடிவு செய்யக் கூடாது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். ஹெட்லைட் பல்பு 60 வாட், பேட்டரி 12 வோல்ட் என்றால் 60 ÷ 12 = 5 ஆம்பியர். இரண்டு ஹெட்லைட்டுக்கு 10 ஆம்பியர்.

போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் இருந்தது 6 வோல்ட் பேட்டரி. அதில் அதே 60 வாட் பல்பைப் போட்டால்? 60 ÷ 6 = 10 ஆம்பியர். இரண்டு மடங்கு! ஆம்பியர் கூடினால் வயரும் தடிமனாக வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரோ ஒரே நொடியில் 100 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். அதனால்தான் பேட்டரியிலிருந்து அதற்குப் போகும் வயர் விரல் தடிமனில் இருக்கிறது. அந்த மோட்டார்களைச் செய்யும் லூக்காஸ் டிவிஎஸ் தொழிற்சாலை 1961-ல் தொடங்கியது. அது இருப்பது நம் சென்னையின் பாடியில்!

காவல்காரர் ஃபியூஸ்

ஃபியூஸ் எதைக் காப்பாற்றுகிறது? பல்பை என்று நினைத்தால் தவறு. அது காப்பாற்றுவது வயரை. அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால், வயர் சூடாகும் முன்பே ஃபியூஸ் உருகித் தன்னைப் பலி கொடுத்துவிடும். ஆகவே ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் உள்ள வயருக்குக் காவல் கிடையாதே!

இப்போதைய தட்டை ஃபியூஸ்களை நிறம் பார்த்தே சொல்லலாம். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30.

சிலர் ஃபியூஸ் போனதும் செம்புக் கம்பியையோ, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ சுற்றிவிடுவார்கள். விளக்கு எரியும், ஆனால் காவல்காரரைத் துரத்திவிட்டுக் கதவைத் திறந்து போட்டதற்குச் சமம். அடுத்த முறை உருகப்போவது ஃபியூஸ் அல்ல, வயர்!

வேலை நடக்கும் வரிசை

முதலில் கைக்கடிகாரம், மோதிரத்தைக் கழற்ற வேண்டும். 12 வோல்ட் 'ஷாக்' அடிக்காது. ஆனால் மோதிரம் இரண்டு முனைகளுக்கு நடுவில் மாட்டினால் நொடியில் பழுத்து விரலைச் சுட்டுவிடும்.

அடுத்து பேட்டரி. பெரும்பாலான வண்டிகளில் அதன் மைனஸ் முனை வண்டியின் உடலோடு சேர்ந்திருக்கும். இதை 'எர்த்' என்பார்கள். அதனால் மைனஸ் முனையை முதலில் கழற்ற வேண்டும். பிளஸ் முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் உடலில் பட்டால் தீப்பொறி பறக்கும். பேட்டரிக்குள் அமிலம் இருக்கிறது. எரியும் வாயுவும் அதிலிருந்து வரும். எச்சரிக்கை தேவை.

பிறகு எந்த வயர் எங்கே போகிறது என்று படம் வரைந்து, ஒவ்வொரு வயரின் இரு நுனியிலும் சீட்டுக் கட்ட வேண்டும். பழைய ஹார்னஸை அறுக்காமல் முழுசாகக் கழற்றித் தரையில் விரிப்பார்கள். செருப்புத் தைப்பவர் அச்சு வைத்துத் தோலை வெட்டுவதுபோல, அதன்மேலேயே புதிய வயர்களை அளந்து வெட்டுவார்கள்.

எர்த் முனை பூட்டும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, தகடு பளிச்சென்று தெரிய வேண்டும். "விளக்கு மங்கலாக எரிகிறது" என்ற புகாருக்குப் பல முறை இந்தத் துருதான் காரணம். கடைசியில் ஒவ்வொரு விளக்காகச் சோதித்த பிறகே டேப் சுற்றுவார்கள்.

செய்து பாருங்கள்!

ஜீப் வேலை பெரியவர்களுடையது. உங்களுக்கு ஒரு சோதனை. ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு டார்ச் செல், ஒரு டார்ச் பல்பு, ஒரு சாண் வயர் போதும். வீட்டு பிளக் பக்கம் போகவே கூடாது.

தட்டில் செல்லை நிற்க வையுங்கள். பிளஸ் பக்கம் மேலே. வயரின் ஒரு நுனியைப் பல்பின் கழுத்தில் சுற்றி, பல்பின் அடி முனையைத் தட்டில் வையுங்கள். மறு நுனியால் செல்லின் தலையைத் தொடுங்கள். பல்பு எரியும்! ஒரே வயர்தானே, மின்சாரம் எப்படித் திரும்பியது? தட்டு வழியாக! ஜீப்பின் உடல் செய்வதும் இதே வேலைதான். இப்போது பல்புக்கு அடியில் ஒரு காகிதத் துண்டை வையுங்கள். அணைந்துவிடும். துரு செய்யும் வேலை அதுதான்.

இந்தத் தொழில் பிடித்திருக்கிறதா? ஐ.டி.ஐ.களில் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு இருக்கிறது. அடுத்த முறை வீட்டு வண்டியில் ஃபியூஸ் போனால், "ஏன் போனது என்று முதலில் பார்க்கலாம் அப்பா, அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை ஒரு வண்டியை, ஏன், ஓர் உயிரையே காப்பாற்றலாம்!