பிரிகாம் யங் பல்கலைக்கழகம் – ஐடஹோ

பிரிகாம் யங் பல்கலைக்கழகம் – ஐடஹோ என்பது அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ரெக்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் அமைந்துள்ள தனியார் பல்கலைக்கழகம் ஆகும். மார்மன் சபை என்று பரவலாக அறியப்படும் கிறித்தவச் சபை இதனை நடத்துகிறது. 2001 வரை இது ரிக்ஸ் கல்லூரி என்ற பெயரில் இரண்டாண்டுக் கல்லூரியாக இயங்கியது.

தொடக்கம்

1888ஆம் ஆண்டு நவம்பரில், அப்பகுதியில் குடியேறிய சபையினரின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியாக இது தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஜேக்கப் ஸ்போரி முதல் தலைமையாசிரியர் ஆவார். பின்னர், ரெக்ஸ்பர்க்கை நிறுவிய தாமஸ் ரிக்ஸ் நினைவாகப் பள்ளிக்குப் பெயரிடப்பட்டது. 1915 முதல் கல்லூரிப் பாடங்களும் நடத்தப்பட்டன.

நெருக்கடிகள்

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது சபை தன் கல்விச் செலவைக் குறைக்க முனைந்தது. அண்டை மாநிலமான யூட்டாவில் இருந்த சில கல்லூரிகளை அம்மாநில அரசிடம் ஒப்படைத்தது. ரிக்ஸ் கல்லூரியையும் அவ்வாறே ஒப்படைக்க முன்வந்தபோது ஐடஹோ அரசு அதனை ஏற்கவில்லை. ஊராரின் ஆதரவோடு கல்லூரி தாக்குப்பிடித்தது.

1948இல் நான்காண்டுப் படிப்பு தொடங்கப்பட்டாலும், 1950களில் கல்லூரி மீண்டும் இரண்டாண்டு நிலைக்கே திரும்பியது. அதே காலத்தில் கல்லூரியை ஐடஹோ ஃபால்ஸ் நகருக்கு மாற்றும் திட்டம் எழுந்தது. கல்லூரி போய்விட்டால் ஊரே தளர்ந்துவிடும் என்று அஞ்சிய மக்கள் கடுமையாக எதிர்த்தனர். திட்டம் கைவிடப்பட்டது.

1976 சூன் 5 அன்று டீட்டன் அணை உடைந்து ரெக்ஸ்பர்க் வெள்ளத்தில் மூழ்கியது. மேட்டு நிலத்தில் இருந்ததால் தப்பிய கல்லூரி, வீடிழந்தோருக்கு இடமும் உணவும் அளித்தது. தன்னைக் காத்த ஊருக்கு அது கைம்மாறு செய்தது எனலாம்.

பல்கலைக்கழகமாதல்

இரண்டாண்டுக் கல்லூரியில் படித்தவர்கள் இளநிலைப் பட்டம் பெற வேறு கல்வி நிறுவனத்திற்குச் செல்ல வேண்டும். இந்நிலையை மாற்றும் அறிவிப்பைச் சபைத் தலைவர் கோர்டன் ஹிங்க்லி 2000 சூனில் வெளியிட்டார். 2001 ஆகத்தில் புதிய பெயர் நடைமுறைக்கு வந்தது. அப்போது கல்லூரித் தலைவராக இருந்தவர் டேவிட் பெட்னார்.

இம்மாற்றத்துடன் மூன்று முடிவுகள் இணைந்திருந்தன. வெளிக் கல்லூரிகளுடனான விளையாட்டுப் போட்டிகள் நிறுத்தப்பட்டன. ஆசிரியர்களுக்குப் பேராசிரியர், இணைப் பேராசிரியர் என்ற படிநிலைகள் இல்லை. கல்லூரி ஆண்டு முழுவதும் இயங்கும். ஆண்டின் மூன்று பருவங்களில் ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு ஒதுக்கப்படும். இதனால் அதே கட்டடங்களில் கூடுதலானோர் படிக்க முடிகிறது.

ஆய்வை விடக் கற்பித்தலுக்கே முதலிடம் என்பது இன்றும் இப்பல்கலைக்கழகத்தின் கொள்கையாக உள்ளது. பெயரும் பட்டமும் மாறினாலும், வகுப்பறையே மையம் என்ற பழைய ரிக்ஸ் கல்லூரியின் இயல்பு மாறவில்லை.