ராணுவத்துக்கு ஒதுக்கப்படும் 100 ரூபாய்: தொழிற்கூடங்களைச் சென்றடைவது எவ்வளவு?

பிம்ப்ரி (புணே): ராணுவச் செலவு உயர்ந்தால் ஆலைகள் பெருகும், வேலைவாய்ப்பு வளரும் என்பது ஒரு வாதம். மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் செல்ல வேண்டிய பணமே துப்பாக்கிக்குச் செல்கிறது என்பது மற்றொரு வாதம். இரண்டில் எது உண்மை என்பதைச் செலவின் மொத்த அளவை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அந்தப் பணம் எந்தெந்தத் தலைப்புகளில் பிரிகிறது, அதன் சுமை யார் மீது விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பீரங்கி ஆய்வகமும், வெடிபொருள் ஆலைகளும், வாகன உதிரிபாகத் தொழிற்கூடங்களும் நெருங்கி அமைந்துள்ள பிம்ப்ரி-சிஞ்ச்வட் வட்டாரம் இதை விளக்கிக் கொள்ள ஏற்ற இடமாகும்.

உலக அளவில் நிலவரம் என்ன?

ஸ்டாக்ஹோம் சர்வதேச அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2024-ஆம் ஆண்டில் உலக நாடுகள் ராணுவத்துக்காகச் செலவிட்ட தொகை 2,71,800 கோடி டாலர். முந்தைய ஆண்டைவிட இது 9.4 சதவீதம் அதிகம். பனிப்போர் முடிவுக்கு வந்த பிறகு ஓராண்டில் இவ்வளவு உயர்வு பதிவானதில்லை. அமெரிக்கா 99,700 கோடி டாலருடன் முதலிடத்தில் இருந்தது. சீனா, ரஷியா, ஜெர்மனி ஆகிய நாடுகளை அடுத்து, 8,610 கோடி டாலருடன் இந்தியா ஐந்தாம் இடத்தில் இருந்தது.

இந்தியாவின் 100 ரூபாய் எப்படிப் பிரிகிறது?

2025-26 நிதியாண்டுக்கான மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ரூ.6,81,210 கோடி ஒதுக்கப்பட்டது. இது மத்திய அரசின் மொத்தச் செலவில் 13.45 சதவீதமாகும்.

இந்த ஒதுக்கீட்டை 100 ரூபாயாகக் கொண்டால், ஏறத்தாழ 46 ரூபாய் முப்படைகளின் சம்பளம், எரிபொருள், உணவு, பராமரிப்பு போன்ற அன்றாடச் செலவுகளுக்குச் செல்கிறது. ஓய்வூதியத்துக்கு மட்டும் சுமார் 24 ரூபாய் செல்கிறது. அமைச்சகத்தின் பிற பிரிவுகளுக்கு 4 ரூபாய் போக, எஞ்சிய 26 ரூபாயே மூலதனச் செலவு. அதாவது பீரங்கி, விமானம், கப்பல் போன்றவற்றை வாங்கவும் கட்டுமானங்களுக்கும் உரிய பங்கு.

மூலதனச் செலவில் நவீனமயமாக்கலுக்கு ஒதுக்கப்பட்டது ரூ.1,48,722 கோடி. அதில் 75 சதவீதம், அதாவது ரூ.1,11,544 கோடி, உள்நாட்டுக் கொள்முதலுக்கு என ஒதுக்கப்பட்டுள்ளது. ஆக, 100 ரூபாயில் உள்நாட்டு ஆலைகளிடம் புதிய தளவாடம் வாங்குவதற்கு என எடுத்துவைக்கப்படுவது சுமார் 16 ரூபாய்தான். வெடிமருந்து, உதிரிபாகம் போன்றவற்றுக்காக அன்றாடச் செலவிலிருந்தும் ஒரு பகுதி ஆலைகளுக்கு வருகிறது. ஆயினும் பெரும்பகுதி, பணியில் உள்ளோருக்கும் ஓய்வு பெற்றோருக்குமே செல்கிறது.

பீரங்கி ஆர்டர் கிடைத்தால் என்ன ஆகும்?

கடந்த 2025 மார்ச் மாதம், 307 இழுவை பீரங்கிகளையும் அவற்றை இழுத்துச் செல்லும் வாகனங்களையும் வாங்க, பாரத் ஃபோர்ஜ், டாடா அட்வான்ஸ்டு சிஸ்டம்ஸ் ஆகிய நிறுவனங்களுடன் பாதுகாப்பு அமைச்சகம் சுமார் ரூ.6,900 கோடிக்கு ஒப்பந்தம் செய்தது. இந்தப் பீரங்கியை வடிவமைத்தது புணேயின் பாஷாண் பகுதியில் உள்ள டிஆர்டிஓ ஆய்வகம். பீரங்கிகளில் 60 சதவீதத்தைத் தயாரித்து வழங்கவுள்ள பாரத் ஃபோர்ஜ் நிறுவனத்தின் தலைமையகமும் புணேயில்தான் உள்ளது. உதிரிபாகங்களில் 65 சதவீதத்துக்கும் மேல் உள்நாட்டிலேயே தயாரானவை.

ஓர் உதிரிபாகத் தொழிற்கூடத்தின் கண்ணோட்டத்தில் இதைப் பார்த்தால் வேறு கணக்கு தெரியவரும். பிம்ப்ரி, போசரி, ஆகுர்டி பகுதிகளில் வளர்ந்த சிறு தொழிற்கூடங்கள் வாகன ஆலைகளை நம்பித் தோன்றியவை. வாகன ஆலை ஒரே உதிரிபாகத்தை மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் கேட்கும். பீரங்கி ஒப்பந்தத்திலோ, பல ஆண்டுகளுக்கும் சேர்த்து மொத்தம் 307 பீரங்கிகளே. அவற்றுக்கான பாகங்களுக்குத் துல்லியம் அதிகம், தரச் சோதனை நீண்டது; வாங்குபவரோ ஒரே ஒருவர்தான், அது அரசு. அடுத்த ஆர்டர் தாமதமானால், கடன் வாங்கி நிறுவிய சிறப்பு இயந்திரம் சும்மா நிற்கும். வங்கித் தவணை நிற்காது.

இந்தப் பீரங்கித் திட்டம் தொடங்கப்பட்டது 2013-இல். கொள்முதல் ஒப்பந்தம் கையெழுத்தாக ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆயின. ஒப்பந்த மதிப்பான ரூ.6,900 கோடி, ஓராண்டுப் பாதுகாப்பு ஒதுக்கீட்டில் சுமார் 1 சதவீதம்தான். எனவே, ராணுவ ஆர்டர் இவ்வட்டாரத்துக்குத் தருவது பெருந்திரளான வேலைவாய்ப்பைக் காட்டிலும், உயர்ந்த தொழில்நுட்பத் திறனையே. அந்தத் திறன் நிலைத்திருக்க, ஆர்டர்கள் இடைவெளியின்றி வர வேண்டும்.

ஏற்றுமதி அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. 2013-14-இல் ரூ.686 கோடியாக இருந்த இந்தியாவின் பாதுகாப்புத் தளவாட ஏற்றுமதி, 2024-25-இல் ரூ.23,622 கோடியாக உயர்ந்தது. அதில் தனியார் துறையின் பங்கு ரூ.15,233 கோடி. எனினும், போர்களால் கூடும் தேவை போர் ஓய்ந்தால் குறையவும் கூடும்.

ஓர் ஊழல் புகாரும் முப்பது ஆண்டுத் தேக்கமும்

ராணுவக் கொள்முதலின் அரசியல் விளைவுக்கு இந்தியாவில் பீரங்கியே பெரிய எடுத்துக்காட்டு. 1986-இல் ஸ்வீடனின் போஃபர்ஸ் நிறுவனத்திடம் 410 பீரங்கிகள் வாங்க ஒப்பந்தம் செய்யப்பட்டது. இதில் லஞ்சம் கைமாறியதாக மறு ஆண்டு ஸ்வீடன் வானொலி வெளியிட்ட செய்தி, 1989 மக்களவைத் தேர்தலில் ராஜீவ் காந்தி அரசு தோல்வியுற்றதற்கு ஒரு முக்கியக் காரணமாயிற்று. அதன்பின், வெளிநாட்டிலிருந்து புதிய 155 மி.மீ. பீரங்கிகளை வாங்கும் ஒப்பந்தம் 2016-ஆம் ஆண்டில்தான் கையெழுத்தானது.

தொழிலாளர்களையும் அரசியல் முடிவுகள் நேரடியாகத் தொட்டன. 2021 அக்டோபர் 1-ஆம் தேதி, படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, அதன் 41 ஆலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் தலைமையகம் புணேயில் அமைந்தது. புணே அருகே உள்ள கட்கி, தேஹு ரோடு ஆலைகளுடன், நீலகிரி மாவட்டம் அருவங்காட்டில் உள்ள வெடிமருந்து ஆலையும் இதன் கீழ் வந்தது. பணிப் பாதுகாப்பு குறித்து அஞ்சிய தொழிற்சங்கங்கள் இந்த மாற்றத்தை எதிர்த்தன. வேலைநிறுத்தத்தைத் தடை செய்ய அரசுக்கு அதிகாரம் அளிக்கும் அத்தியாவசியப் பாதுகாப்புப் பணிகள் சட்டமும் அதே ஆண்டு நிறைவேறியது.

பட்ஜெட்டில் இடம்பெறாத விலை

சில செலவுகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. தேஹு ரோடு வெடிபொருள் கிடங்கைச் சுற்றி 2,000 கெஜத் தொலைவுக்குக் கட்டடம் கட்டுவதற்குக் கட்டுப்பாடு உள்ளது. 1903-ஆம் ஆண்டுப் பாதுகாப்புப் பணிகள் சட்டம் இதற்கு அடிப்படை. 'ரெட் ஜோன்' என அழைக்கப்படும் இப்பகுதி, நகரம் விரிவடைந்தபோது தளவடே, நிக்டி போன்ற குடியிருப்புப் பகுதிகளையும் தொட்டது. வெடிபொருள் கிடங்கைச் சுற்றி மக்கள் நெருங்கி வாழ்வது ஆபத்து என்பதால் கட்டுப்பாட்டுக்கு நியாயம் உண்டு. ஆனால், மனை வாங்கியவருக்குக் கட்டட அனுமதி கிடைப்பதில்லை. விற்க முனைந்தால் உரிய விலையும் கிடைப்பதில்லை. நாட்டின் பாதுகாப்புக்கான செலவில் ஒரு பகுதியை இக்குடும்பங்கள் தனியாகச் சுமக்கின்றன.

மருந்தா, பீரங்கியா?

பிம்ப்ரியின் பெயரை நாடறியச் செய்த தொடக்ககால ஆலை, ஆயுத ஆலை அன்று. உலக சுகாதார அமைப்பு, யுனிசெஃப் ஆகியவற்றின் உதவியுடன் 1954-இல் இங்கு நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், பெனிசிலின் தயாரித்த அரசு நிறுவனம். பிற்காலத்தில் நலிவுற்ற அந்நிறுவனத்தின் கடனை அடைக்க, உபரி நிலத்தை விற்க 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ராணுவச் செலவுதான் அதை நலியச் செய்தது எனக் கூற ஆதாரம் இல்லை. ஆனால், அரசு எதற்கு முன்னுரிமை தருகிறது என்ற கேள்வியை அந்த வளாகம் எழுப்பாமல் இல்லை.

2025-26-இல் மத்திய சுகாதார அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டது சுமார் ரூ.99,859 கோடி, பாதுகாப்பு ஒதுக்கீடு இதைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு. சுகாதாரத்துக்குப் பெரும்பகுதியைச் செலவிடுவது மாநில அரசுகள் என்பதால், இவ்விரு எண்களையும் அப்படியே ஒப்பிடுவது சரியாகாது. எனினும், மத்திய அரசின் கையில் உள்ள நிதி எல்லையற்றதன்று.

பிற நாடுகள் இந்தத் தேர்வை வெளிப்படையாகவே செய்துள்ளன. பாதுகாப்புச் செலவை உயர்த்துவதற்காக, வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 0.3 சதவீதமாகக் குறைப்பதாக 2025 பிப்ரவரியில் பிரிட்டன் அறிவித்தது. ஜெர்மனி, ராணுவத்துக்குக் கூடுதலாகக் கடன் வாங்க அரசமைப்புச் சட்டத்தையே திருத்தியது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 7.1 சதவீதத்தை ராணுவத்துக்குச் செலவிட்ட ரஷியாவில், ஆயுத ஆலைகள் இரவு பகலாக இயங்கின. விலைவாசியைக் கட்டுப்படுத்த, 2024 அக்டோபரில் மத்திய வங்கி வட்டி விகிதத்தை 21 சதவீதமாக உயர்த்த நேர்ந்தது. 2009-இல் போர் முடிந்த பிறகும் பெரும்படையைப் பேணிய இலங்கை, 2022-இல் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் தவித்தது. அந்த நெருக்கடிக்குக் காரணங்கள் பல. ஆயினும், சுமார் 2 லட்சம் பேர் கொண்ட ராணுவத்தை 2030-க்குள் 1 லட்சமாகக் குறைப்பதாக 2023 ஜனவரியில் அந்நாட்டு அரசு அறிவித்தது.

கவனிக்க வேண்டியவை எவை?

ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட் நாளில் பாதுகாப்பு ஒதுக்கீட்டின் மொத்தத் தொகையே தலைப்புச் செய்தியாகிறது. அதன் உண்மையான விளைவை அறிய மூன்று விவரங்கள் உதவும்: மொத்தத்தில் மூலதனச் செலவின் பங்கு உயர்ந்ததா, உள்நாட்டுக் கொள்முதலுக்கு ஒதுக்கிய தொகை ஆண்டு முடிவதற்குள் உண்மையில் செலவானதா, ஓய்வூதியச் சுமை எவ்வளவு வேகமாக வளர்கிறது. பிம்ப்ரியில் புதிய இயந்திரம் வாங்கலாமா எனக் கணக்குப் பார்க்கும் தொழிற்கூட உரிமையாளருக்கு, ஒதுக்கீடு எத்தனை லட்சம் கோடி என்பதைவிட இந்த மூன்றுமே முக்கியமானவை.