விரல் தேய்ந்தவருக்கு வேகப் பாதை உண்டா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து ஏற்றுமதிக்குக் கிளம்பும் ஒரு கன்டெய்னரை எடுத்துக்கொள்வோம். சரக்கை ஏற்றி முடித்ததும் கம்பெனிக்காரரே கதவை மூடி மின்னணு முத்திரை போடுகிறார். முத்திரை எண்ணையும் ஷிப்பிங் பில் விவரத்தையும் கணினியில் ஏற்றிவிட்டால் வண்டி புறப்படலாம். காட்டுப்பள்ளியிலோ எண்ணூரிலோ துறைமுகத்தில் ஒரு கருவி அந்த முத்திரையைப் படிக்கும். முத்திரை உடையாமல் இருந்து, கணினியும் சந்தேகக் குறி காட்டாவிட்டால், பெட்டியைத் திறக்காமலே கப்பலுக்கு அனுப்பிவிடுவார்கள். 2017-இல் இந்த மின்னணு முத்திரை வருவதற்கு முன்பு, பெரும்பாலான தொழிற்சாலைகளில் அதிகாரி நேரில் வந்து முன்னால் நின்றால்தான் பெட்டிக்கு சீல் விழும். அவர் வரும்வரை லாரி வாசலிலேயே கிடக்கும்.

சரக்கின் மீது அரசாங்கத்துக்கு இந்த நம்பிக்கை படிப்படியாக வந்தது. ஆபத்துக் கணக்குப் போட்டுச் சில பெட்டிகளை மட்டும் பிரித்துப் பார்க்கும் கணினி முறை 2005-இல் வந்தது. ஒழுங்காகக் கணக்குக் காட்டும் நிறுவனங்களுக்குத் தனித் தகுதி தரும் திட்டம் 2011-இல் சோதனையாகத் தொடங்கி, 2016-இல் பல படிகளாக விரிந்தது. அந்தச் சான்று பெற்றவரின் பெட்டிக்குச் சோதனை குறைவு, வங்கி உத்தரவாதமும் குறைவு. இறக்குமதிச் சரக்கு இடையில் எந்தக் கிடங்கிலும் தங்காமல் துறைமுகத்திலிருந்து நேரே தொழிற்சாலைக்கு வந்துவிடலாம். திருவள்ளூர் மாவட்டத்துக்கு இதில் கூடுதல் அனுகூலமும் உண்டு. இரண்டு துறைமுகங்களும் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன.

நான் எழுத வந்தது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் இரும்பை உருக்கியவரையும் வெல்டிங் வைத்தவரையும் பற்றி. அவரும் ஒருநாள் வெளிநாடு போகிறார். சிப்காட்டில் நாலைந்து வருடம் காண்ட்ராக்ட்டில் வேலை பார்த்துக் கை தேர்ந்த வெல்டரும் ஃபிட்டரும் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ கிளம்புவது இந்தப் பக்கத்தில் புதிதல்ல. பெட்டிக்குக் கிடைக்கும் மரியாதை அவருக்குக் கிடைக்கிறதா?

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி, விம்கோ நகரில் இறங்கி, அங்கிருந்து மெட்ரோவில் நகரத்தையே வடக்கிலிருந்து தெற்காகக் கடந்து மீனம்பாக்கம் போய்ச் சேர வேண்டும். பெட்டி படுக்கையோடு, வழியனுப்ப வரும் வீட்டாரோடு இது நடக்காது என்று கார் பிடிப்பவர்களே அதிகம். வளைகுடா விமானங்கள் பலவும் நள்ளிரவுக்கு மேல், விடியலுக்குள் கிளம்புகின்றன. அந்த நேரத்தில்தான் இமிகிரேஷன் வரிசை அனுமார் வாலாக நீளும். மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்துவிடச் சொல்லி ஏஜென்ட் எச்சரித்திருப்பார். வீட்டிலிருந்து கிளம்பியதையும் சேர்த்தால், விமானம் பறக்கும் நேரத்தைவிடத் தரையில் கழியும் நேரம் அதிகம்.

இந்த வரிசையைக் குறைக்கத்தான் விரைவு இமிகிரேஷன், அதாவது நம்பகமான பயணியர் திட்டம், 2024 ஜூன் 22 அன்று டெல்லி விமான நிலையத்தில் தொடங்கப்பட்டது. 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஏழு விமான நிலையங்களுக்கும், அந்த ஆண்டு செப்டம்பரில் திருச்சி உள்ளிட்ட ஐந்து நிலையங்களுக்கும் விரிந்தது. இந்தியக் குடிமக்களும் வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை வைத்திருப்போரும் பதியலாம். இணையத்தில் விண்ணப்பித்து, அழைப்பு வந்ததும் விரல் ரேகையையும் முகத்தையும் நேரில் பதிவு செய்ய வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் பாஸ்போர்ட் காலாவதியானால் அதுவரைதான். பிறகு விமான நிலையத்தில் போர்டிங் பாஸையும் பாஸ்போர்ட்டையும் மின் வாசலில் காட்டி, உடற்கூறு அடையாளம் பொருந்தினால் கதவு திறக்கும். அதிகாரி முன்னால் நிற்க வேண்டியதில்லை. இமிகிரேஷன் மட்டும்தான் இப்படி முடிகிறது. பாதுகாப்புச் சோதனையும் சுங்கமும் பழையபடியே இருக்கின்றன.

நல்ல திட்டம். மனதார வரவேற்கிறேன். என் கவலையெல்லாம் ஒரே ஒரு விதியில் நிற்கிறது. தொழில்நுட்பக் காரணங்களால் உடற்கூறு அடையாளம் பதிய முடியாதவர்களைத் திட்டத்தில் சேர்க்க இயலாது என்கிறது அந்த விதி.

டெல்லியில் இருந்து இதைப் படித்தால் சாதாரணமான வரி. கும்மிடிப்பூண்டியில் இருந்து படித்தால் வேறு விதமாக இருக்கிறது. இங்கே உலைகளில் பழைய இரும்பை உருக்குகிறார்கள், ரீ-ரோலிங் மில்களில் கம்பி இழுக்கிறார்கள். கிரைண்டர் பிடிப்பவர், வார்ப்பட மணலில் கை வைப்பவர், முலாம் பூசும் பட்டறையில் அமிலத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பவர், லேத்தில் கூலன்ட் எண்ணெய் படப்படக் கை கழுவுபவர் என்று ரேகை தேயாத தொழிலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கையுறை உண்டே என்பார்கள். சூட்டில் சிறு பாகத்தைப் பிடித்துத் திருப்பும்போது கையுறையைக் கழற்றாமல் வேலை ஓடாது என்பது அந்த வேலையைப் பார்த்தவருக்குத் தெரியும்.

இந்தச் சிக்கலைத் தமிழ்நாடு ஏற்கெனவே ரேஷன் கடையில் பார்த்துவிட்டது. விரல் வைத்துப் பொருள் வாங்கும் முறை 2020-இல் வந்தபோது, கருவி ஏற்காமல் திரும்பத் திரும்ப விரலைத் துடைத்து வைத்தவர்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். தலைமுடியில் விரலைத் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி வைப்பார்கள். கட்டைவிரல் போனால் ஆள்காட்டி, அதுவும் போனால் மோதிர விரல். இவருக்கு எந்த விரல் விழும் என்பது வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். கடைசியில் கருவிழியைப் படிக்கும் கருவிகள் கடைகளுக்கு வந்தன. ஒரு கிலோ பருப்புக்காக நாம் கண்டுபிடித்த வழி, விமான நிலையத்தில் ஏன் இல்லை?

சிங்கப்பூரைப் பாருங்கள். நம்மூர்த் தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாகப் போய் வரும் ஊர். அங்கே கட்டைவிரல் ரேகைக்குப் பதிலாகக் கருவிழியையும் முகத்தையும் முதன்மை அடையாளமாக்கும் வேலை 2020-இல் தொடங்கியது. தழும்பு, வயது, தோல் வறட்சி ஆகியவற்றால் ரேகை பொருந்தாமல் போகிறது என்பதையும் ஒரு காரணமாக அவர்களே சொன்னார்கள். 2024-இல் வெளிநாட்டுப் பயணிகளும் முன்பதிவு எதுவும் இல்லாமல் வந்திறங்கியதும் தானியங்கி வாசல் வழியாகப் போகும்படி செய்துவிட்டார்கள். ஆக, நம் வெல்டர் சாங்கி விமான நிலையத்தில் மின் வாசல் வழியே வேகமாக நுழைந்துவிடலாம். சொந்த ஊர் விமான நிலையத்தில்தான் அவர் கை போதவில்லை.

இறங்கப்போகும் நாட்டின் சோதனையைக் கிளம்பும் ஊரிலேயே முடித்துவிடும் முறையும் உலகத்தில் உண்டு. அமெரிக்கா இதை 1952-இல் கனடாவின் டொரன்டோவில் தொடங்கியது. அபுதாபியில் 2014 முதல் நடக்கிறது. பேரப்பிள்ளையைப் பார்க்க அந்த வழியாக அமெரிக்கா போகும் தாத்தா பாட்டிகளுக்கு இது பழக்கமான சங்கதி. அமெரிக்க இமிகிரேஷனும் சுங்கமும் அபுதாபியிலேயே முடிந்துவிடும், அமெரிக்காவில் இறங்கியதும் உள்ளூர்ப் பயணி போல வெளியே நடக்கலாம். அமெரிக்காவின் நம்பகப் பயணியர் பட்டியலிலும் 2017 முதல் இந்தியர்கள் சேரலாம். கட்டணம் 120 டாலர்.

இதெல்லாம் வசதி உள்ளவர்களுக்கான ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். ஹஜ் யாத்திரை போகும் மலேசிய, இந்தோனேசியக் கிராமத்து முதியவர்களுக்குச் சவுதி அரேபியா அவர்கள் ஊர் விமான நிலையத்திலேயே நுழைவுச் சோதனையை முடித்து அனுப்புகிறது. விமானம் ஏறிப் பழக்கமில்லாதவர்களுக்கும் முன்சோதனை சாத்தியம் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? அந்த நாட்டுக்கும் அக்கம்பக்கத்து நாடுகளுக்கும் ஆண்டு முழுவதும் நம் தொழிலாளிகள் போகிறார்கள். அவர்களுக்காக அப்படி ஒரு மேசையைக் கேட்டுப் பெற நாம் என்ன செய்தோம்?

இன்னொரு விஷயம் என்னை அதிகமாக உறுத்துகிறது. பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட் பொதுவாக 'இசிஆர்', அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் வகையைச் சேர்ந்தது. 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, அவர் வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அடங்கிய 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால் முன்அனுமதி வாங்க வேண்டும். ஏமாற்றும் ஏஜென்டுகளிடமிருந்து காப்பாற்றுவதற்கான ஏற்பாடு இது, தேவையானதுதான். ஆனால் அந்த அனுமதி எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். வேலை தருபவர் யார், என்ன சம்பளம், எத்தனை வருட ஒப்பந்தம், பாஸ்போர்ட் எண், விசா, கட்டாயக் காப்பீடு என எல்லாமே இமைக்ரேட் என்ற அரசு இணையத்தளத்தில் ஏறியிருக்கும். விடுமுறைக்குப் பாங்காக் போகும் மேலாளரைப் பற்றி அரசாங்கத்துக்குத் தெரிந்ததைவிட, துபாய்க்குக் கம்பி கட்டப் போகிறவரைப் பற்றி அதிகம் தெரியும். சரக்கு விஷயத்தில் அதிக விவரம் கொடுத்தவருக்கு அதிக நம்பிக்கை கிடைத்தது. மனிதர் விஷயத்தில், அதிக விவரம் கொடுத்தவர்தான் மேசை முன்னால் நின்று அதே விவரத்தை மறுபடியும் வாயால் சொல்கிறார். அந்த அனுமதி அவர் கையில் கிடைக்கும் நாளே அவரை நம்பகமான பயணியாகப் பதிவு செய்யும் நாளாகவும் இருந்துவிட்டால் என்ன?

பெட்டி ஓடிப்போகாது, ஆள் ஓடிப்போவான், ஒரு தவறான ஆள் உள்ளே போனால் விலை உயிர் என்பார்கள் பாதுகாப்பை முன்னிறுத்துபவர்கள். நியாயமான பேச்சு. நான் சோதனையைத் தளர்த்தச் சொல்லவில்லை, முன்னதாகவே முடிக்கச் சொல்கிறேன்.

பதிவுக்கு எங்கே போவது என்பதும் சின்ன விஷயமல்ல. உடற்கூறு அடையாளம் பதிய விமான நிலையத்துக்கோ, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கோ போக வேண்டும். சென்னையில் அந்த அலுவலகம் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஒருநாள் லீவு என்றால் ஒருநாள் சம்பளம் போச்சு, ஓ.டி.யும் சேர்ந்து போகும். வெளிநாட்டுக்குக் கிளம்பும் நாளிலேயே விமான நிலையத்தில் பதியலாம் என்ற வழி இருக்கிறது. ஆனால் அன்றைக்கு நெஞ்சு படபடக்க, பாஸ்போர்ட்டை நாலு தடவை தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பவரிடம் யாராவது வந்து எடுத்துச் சொன்னால்தானே தெரியும்? ரத்ததான முகாமும் கண் பரிசோதனை முகாமும் நடக்கும் அதே தொழிற்சாலை வாசலில் ஒரு பதிவு முகாம் நடத்தலாம். அதிகாரி ஒருகாலத்தில் பெட்டிக்கு சீல் வைக்க இந்த வாசலுக்கு வந்தவர்தான்.

வரிசை குறைய எல்லாவற்றுக்கும் மின் வாசல் தேவை என்பதும் இல்லை. இந்தியர்கள் நாடு திரும்பும்போது நிரப்பிய அட்டையை 2014 மார்ச்சில் எடுத்தார்கள். தீர்வைப் பொருள் எதுவும் கொண்டுவராதவர் சுங்கப் படிவம் எழுத வேண்டாம் என்று 2016 ஏப்ரலில் ஆனது. புறப்படும்போது எழுதும் அட்டை 2017 ஜூலையில் போயிற்று. ஆங்கிலத்தில் எழுதத் தெரியாமல் பக்கத்தில் இருப்பவரிடம் பேனாவும் உதவியும் கேட்டு நின்றவர்களுக்கு இந்த மூன்றும் எத்தனை பெரிய ஆறுதல்! பதிவில்லை, ரேகையில்லை, எல்லாருக்கும் ஒன்றுபோலக் கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்த சீர்திருத்தங்கள் இவை.

சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு நான்கு இடங்களைப் பார்த்தபோது, திருவள்ளூர் மாவட்டத்துப் பன்னூர் கடைசிவரை போட்டியில் இருந்தது. 2022 ஆகஸ்டில் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூர் என்று முடிவாயிற்று. நிலம் தர மாட்டோம் என்று ஏகனாபுரம் மக்கள் அப்போதிலிருந்து போராடுகிறார்கள். அவர்கள் நியாயம் தனிக் கட்டுரைக்குரியது. அந்த விமான நிலையம் வருமானால், எத்தனை மின் வாசல், எத்தனை மேசை, எந்த இடத்தில் என்பதை வரைபடம் போடும்போதே முடிவு செய்துவிடுவார்கள். கட்டி முடித்தபிறகு கேட்டால் இடமில்லை என்ற பதில்தான் வரும். ஆகவே இப்போதே கேட்க வேண்டியவை மூன்று: ரேகை விழாதவருக்குக் கருவிழிப் பதிவு, இசிஆர் அனுமதியோடு சேர்ந்த பயணியர் பதிவு, சிப்காட் வாசலில் பதிவு முகாம். முதல் முகாமை கும்மிடிப்பூண்டியில் நடத்தட்டும்.