அட்டவணையின் பூட்டு

பெரிய நிறுவனமொன்றில் ஒரே வேளையிற் பல திட்டங்கள் நடைபெறும். அவற்றின் கால அட்டவணைகளை ஓரிடத்தில் வைத்துப் பலரும் பயன்படுத்த உதவும் மென்பொருள்களுள் ஒன்று மைக்ரோசொப்ட் புரொஜெக்ட் சேர்வர். அதனை நிருவகிப்பவரின் பணி யாது? பயனாளருக்கு அனுமதி வழங்குவதும் விடுமுறை நாட்காட்டியைத் திருத்துவதும் எளியனவே. அரியது பூட்டு விடயமாகும்.

திட்ட முகாமையாளர் ஒருவர் அட்டவணையொன்றைத் திருத்துவதற்குத் திறந்ததும் அது அவர் பெயரிற் பூட்டப்படும். மற்றையோர் அதனைப் படிக்கலாம், மாற்றலாகாது. இருவர் ஒரே ஏட்டில் எழுதினால் ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிடக் கூடுமன்றோ? ஆனால், அவர் அதனை மீள ஒப்படையாது வீடு சென்றுவிட்டாலோ, கணினி இடையில் நின்றுவிட்டாலோ, பூட்டு அப்படியே கிடக்கும். அப்பொழுது அதனை வலிந்து திறக்கும் அதிகாரம் நிருவாகிக்கு உண்டு. எனினும், முகாமையாளரின் கணினியில் மட்டும் இருந்து சேர்வரை இன்னும் வந்தடையாத திருத்தங்கள் இதனால் அழிந்துபோகலாம். ஒருவரின் ஒருநாள் உழைப்பு அதில் அடங்கியிருக்கவுங் கூடும். ஆதலின், முதலில் அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பதே முறை.

சேமித்தல் வேறு, வெளியிடல் வேறு என்பதும் பலரை மயக்குவதொன்று. சேமித்தது வரைவாகவே இருக்கும். வெளியிட்ட பின்னரே ஊழியரின் பணிப்பட்டியலில் அது தோன்றும். 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் இவ்விரண்டுக்கும் தனித்தனித் தரவுத்தளங்கள் இருந்தன. 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் அவை ஒன்றாக்கப்பட்டன. வேறுபாடு மட்டும் நீங்கவில்லை. “நேற்றே திகதியை மாற்றினேனே!” என்று முகாமையாளர் முறையிடும்போது, பழுது பெரும்பாலும் சேர்வரில் இராது, அவர் வெளியிட மறந்திருப்பார்.