ஒரு கிலோ டீத்தூள்

"சாராயத்தை வித்து சர்க்கார் சம்பாதிக்கலையா தம்பி? கஞ்சாவையும் அதே கவுண்டர்ல வச்சு வித்துட்டுப் போகட்டுமே. கனடாவுல விக்கிறானாம்ல?"

திருவெறும்பூரில் தஞ்சாவூர் ரோட்டை ஒட்டிய டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அண்ணன் இதைக் கேட்டார். பெல் கம்பெனியில் முப்பது வருஷம் பாய்லருக்கு வெல்டிங் அடித்து ஓய்வு பெற்றவர். தட்டிப் பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். மடியில் பேப்பர். அதில், ரயிலின் பொதுப் பெட்டியில் கேட்பாரற்றுக் கிடந்த பையில் கஞ்சா என்று திருச்சிக்காரர்கள் படித்துப் படித்துச் சலித்துப்போன அதே நாலு வரிச் செய்தி.

"கேஸ் முடிஞ்சதும் மொத்தத்தையும் கொளுத்திடுறாங்க. வித்தா ஒரு ரோடாவது போடலாம்ல?"

நான் கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவன். காசு என்று பேச்சு வந்துவிட்டால் வாய் சும்மா இருக்காது. சர்க்கரை குறைச்சலாக ஒன்றும், அண்ணனுக்கு ஸ்ட்ராங்காக ஒன்றும் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

முதலில், இது கனடாக்காரன் கண்டுபிடித்த யோசனை இல்லை. சர்க்காரே லைசென்ஸ் கொடுத்துக் கஞ்சா விற்று வரி வாங்கிய நாடு இது. வெள்ளைக்காரன் காலத்தில் கள், சாராயம், அபின், கஞ்சா எல்லாம் ஆப்காரி, அதாவது கலால் கணக்கில்தான் வரும். சென்னை மாகாணத்தில் வட ஆற்காட்டு ஜவ்வாது மலையிலும் கிருஷ்ணா ஜில்லாவிலும் கஞ்சா விளைந்தது. வங்காளத்தில் நவ்காவ் பக்கம் அதற்கென்றே ஒரு வட்டாரம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். லைசென்ஸ் இல்லாமல் விதைக்க முடியாது, விளைச்சலை இஷ்டத்துக்கு விற்கவும் முடியாது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சரக்கு என்பது பெண் செடியின் பூங்கொத்து. வயலில் ஓர் ஆண் செடி தப்பி நின்று மகரந்தம் பரப்பினால் பூ விதை பிடித்துவிடும். அப்புறம் அது காசுக்கு ஆகாது. அதனால் பூக்கும் முன்பே ஆண் செடியை அடையாளம் கண்டு பிடுங்குவதற்குத் தனி ஆட்களைக் கூலிக்கு வைத்தார்கள். வெள்ளைக்காரன் ஆவணத்தில் அவர்களுக்கு 'கஞ்சா டாக்டர்' என்று பெயர்.

"அப்ப அவனும் எங்களை மாதிரி ஸ்கில்டு லேபர்" என்றார் அண்ணன்.

இப்படி விற்றுக்கொண்டிருக்கும்போதே லண்டனில் ஒரு கேள்வி எழுந்தது. கஞ்சா குடித்து இந்தியர்களுக்குப் பைத்தியம் பிடிக்கிறதாமே, பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளெல்லாம் அதனால்தான் நிரம்பி வழிகிறதாமே என்று 1893-இல் நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். உடனே ஒரு கமிஷன் போட்டார்கள். ஏழு உறுப்பினர்கள், அதில் மூன்று பேர் இந்தியர்கள். ஊர் ஊராகப் போய் 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894-இல் ஏழு தொகுதிகளாக மூவாயிரம் பக்கத்துக்கு மேல் அறிக்கை கொடுத்தார்கள். இன்றைக்கு எந்த கமிஷன் இவ்வளவு மெனக்கெடுகிறது என்று எனக்கு ஆச்சரியம்தான்.

அவர்கள் செய்ததில் எனக்குப் பிடித்தது ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரைப் புரட்டியதுதான். நோயாளி எதனால் இப்படி ஆனார் என்பதற்கு ஒரு கட்டம் இருக்கும். அதில் வரிசையாகக் 'கஞ்சா' என்று எழுதியிருந்தது. யார் எழுதியது, எதை வைத்து எழுதியது என்று தோண்டிப் பார்த்தார்கள். ஆளைக் கொண்டுவந்து விட்ட போலீஸ்காரர் சொன்னது, அக்கம்பக்கத்தார் சொன்னது, சில இடத்தில் அதுவும் இல்லை. கட்டத்தைக் காலியாக விடக்கூடாதே என்று குமாஸ்தா நிரப்பி வைத்தது. நானும் குமாஸ்தாவாக இருந்தவன், அந்த மனசு எனக்குத் தெரியும். கடைசியில் கமிஷன் சொன்னது இதுதான்: அளவோடு எடுப்பவனுக்குப் பெரிய கெடுதல் இல்லை, அளவு மீறினால் கெடுதல், முழுசாகத் தடை செய்தால் ஜனங்கள் ஊமத்தை மாதிரி இன்னும் மோசமானதுக்குப் போவார்கள், ஆகவே லைசென்ஸ் போடு, வரி போடு, கட்டுக்குள் வை.

இதைச் சொன்னதும் அண்ணன் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா, நான் சொன்னதுதான்."

கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அது 130 வருஷத்துக்கு முந்தைய கஞ்சா, அன்றைய மருத்துவ அறிவு. இன்று வெளிநாட்டில் விளக்குப் போட்டு வளர்க்கிற ரகங்களின் வீரியம் வேறு. இளவயசில் ஆரம்பித்துத் தினமும் இழுப்பவனுக்கு மனச்சிதைவு வரும் ஆபத்து கூடுகிறது என்பதற்கு இப்போது ஆதாரம் நிறைய இருக்கிறது. குமாஸ்தா எழுதியது தப்பாக இருந்தாலும் பயம் முழுக்கப் பொய் இல்லை.

பிறகு எப்படித் தடை வந்தது? 1961-இல் ஐ.நா.வில் போதைப்பொருள் உடன்படிக்கை ஒன்று போட்டார்கள். கஞ்சாவை ஒழிக்க நம்மைப் போன்ற நாடுகளுக்கு 25 வருஷம் தவணை. தவணை முடிகிற நேரத்தில் டெல்லி 1985-இல் என்.டி.பி.எஸ். என்கிற போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதில் ஒரு வேடிக்கை. பூவும் பிசினும் குற்றம். தனியாக இருக்கிற இலையும் விதையும் அதில் சேர்த்தி இல்லை. அதனால்தான் காசியிலும் ஜெய்சால்மரிலும் இலையை அரைத்த பாங்கு லைசென்ஸ் கடையிலேயே கிடைக்கிறது. நம் ஊரில் அந்தச் சலுகையும் கிடையாது. 1937 மதுவிலக்குச் சட்டத்தில் இலையையும் சேர்த்தே போதைப்பொருள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை, அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியல், 51-ஆவது இனம். மதுவுக்கும் அபின், கஞ்சா வகையறாவுக்கும் கலால் வரி போடும் அதிகாரம் மாநிலத்துக்கு என்று இன்றைக்கும் அச்சில் இருக்கிறது. வரி போடலாம், ஆனால் விற்க முடியாது. மருத்துவம், ஆராய்ச்சி தவிர வேறெதற்கும் கூடாது என்று மத்தியச் சட்டம் நிற்கிறது. கோட்டையில் இருப்பவர்கள் நாளைக்கே ஆசைப்பட்டாலும் டெல்லி மனசு வைக்காமல் கடை திறக்க முடியாது.

"சரி, டெல்லியும் ஒத்துக்கிச்சுன்னு வை. எவ்வளவு தேறும்?"

இதுதான் நான் காத்திருந்த கேள்வி. அமெரிக்காவில் கொலராடோ என்று ஒரு மாநிலம். ஜனத்தொகை நம் திருச்சி, தஞ்சாவூர், அரியலூர் மூன்றையும் கூட்டினால் வருகிற அளவு. 2014 முதல் கடை போட்டுக் கஞ்சா விற்கிறார்கள். வரி உச்சத்துக்குப் போனது 2021-இல், சுமார் 42 கோடி டாலர். அன்றைய கணக்கில் 3,100 கோடி ரூபாய் என்று வையுங்கள். நம் டாஸ்மாக் 2024-25-இல் அரசுக்குக் கொடுத்தது 48,344 கோடி. நம்மைவிடப் பல மடங்கு சம்பாதிக்கிறவர்கள் ஊரில், பல மடங்கு விலைக்கு விற்று, உச்சத்தில் வந்தது டாஸ்மாக்கில் பதினைந்தில் ஒரு பங்கு. நமக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே யோசியுங்கள்.

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். போகப் போக ஏறும்."

ஏறவில்லை. கொலராடோவில் 2023-இல் 27 கோடி டாலராக இறங்கிவிட்டது. அக்கம்பக்கத்து மாநிலங்களும் கடை திறந்தன, விலையும் சரிந்தது. அடிப்படையில் அது தொட்டியில் வளர்கிற செடி. சாராயத்துக்கு ஆலை வேண்டும். பாட்டில், லேபிள், லாரி வேண்டும். வாசலில் ஆள் போட்டு எண்ணலாம். செடியை எப்படி எண்ணுவது? அதற்கு விலை இருந்ததே தடையால்தான். தடையை எடுத்தால் விலை விழும். விலை விழுந்த பொருளில் வரி கனமாக உட்கார்ந்தால், வரி கட்டாதவன் மலிவாக விற்பான். கலிஃபோர்னியாவில் 2018-இல் கடை திறந்தார்கள், கள்ளச் சந்தை இன்னும் ஒழியவில்லை. 2025 ஜூலையில் வரியை 15 சதவீதத்தில் இருந்து 19-க்கு ஏற்றினார்கள். மூன்றே மாதத்தில் பழையபடி 15-க்கு இறக்க வேண்டியதாயிற்று.

இதற்குக் கலிஃபோர்னியா வரை போக வேண்டியதும் இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் செத்தார்கள். டாஸ்மாக் இல்லாத ஊரா அது? வரி போட்ட குவார்ட்டருக்குக் காசு பற்றாதவன் வரி போடாத பாக்கெட்டுக்குப் போனான்.

மாஸ்டர் இரண்டு கிளாஸையும் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் நுரையை ஊதினார். எதிர்ப்பக்கம் துவாக்குடி பஸ் நின்று, ஐ.டி.ஐ. பையன்கள் ஒரு கூட்டமாக இறங்கினார்கள்.

எனக்கு வருமானத்தைவிடப் பெரிய பயம் வேறொன்று. சர்க்கார் ஒரு காசைப் பட்ஜெட்டில் எழுதிவிட்டால் அதை அழிக்க அதற்குக் கை வராது. ராஜாஜி ஒருத்தர்தான் முறையாகச் செய்தார். 1937-இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார்; கைவிட்டுப் போகிற ஆப்காரிப் பணத்துக்கு ஈடாக 1939-இல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார். அப்புறம் நடந்தது தெரியும். 1971-இல் கடை திறந்தது, இடையில் மூடியது, மறுபடி திறந்தது, 1983-இல் டாஸ்மாக் வந்தது, 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. விற்பனை வரி மட்டும் போகவே இல்லை. ஆக, மதுவை ஒழிப்பதற்காக வந்த வரியும் நம்மிடம் தங்கிவிட்டது, மதுவும் தங்கிவிட்டது. 2023-இல் 500 கடைகளை மூடினார்கள். அந்த வருஷம் வருமானம் குறைந்ததா? 44,121 கோடியாக இருந்தது 45,855 கோடியானது. ஒவ்வொரு தேர்தலிலும் எல்லாக் கட்சியும் மதுவிலக்கு பேசும். நிதித்துறைக்காரர் ஒருத்தர் மூலையில் உட்கார்ந்து தலையைச் சொறிவார். கஞ்சாக் கடையும் அந்தக் கணக்கில் ஒரு வரியாகச் சேர்ந்தால் அதுவும் போகாது. தாய்லாந்து 2022-இல் தடையை எடுத்தது. தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. 2025-இல் டாக்டர் சீட்டு இருந்தால்தான் என்று திருப்பிப் பிடிக்கப் பார்த்தார்கள், படாத பாடுபடுகிறார்கள்.

"அப்போ இப்ப இருக்கிறதே சரிங்கற."

அதுவும் இல்லை. அண்ணன் கேட்டது ஒரு கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே இரண்டு இருக்கிறது. கடை போட்டுச் சம்பாதிக்கலாமா என்பது ஒன்று. அதற்கு என் பதில் வேண்டாம். பொட்டலத்தோடு பிடிபட்ட பையனை என்ன செய்வது என்பது இன்னொன்று. அதில் இப்போது நடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பில் மது குடிப்பவர்கள் 14.6 சதவீதம், பாங்கையும் சேர்த்துக் கஞ்சா வகை எடுப்பவர்கள் 2.8 சதவீதம். முதல் ஆளுக்கு சர்க்காரே பில் போட்டுக் கொடுக்கிறது. இரண்டாவது ஆள்மேல் எஃப்.ஐ.ஆர்.

ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீன் கிடைத்துவிடும் என்பார்கள். கிடைக்கும். ஆனால் அந்த எஃப்.ஐ.ஆர். எங்கும் போகாது. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரிக்கும்போது வரும், சர்க்கார் கம்பெனியில் வேலைக்குச் சேரும்போது வரும். இதோ இறங்கினார்களே, இவர்களில் ஒருத்தன் பத்து கிராமோடு மாட்டினால், ஃபிட்டர் சர்டிபிகேட் கையில் இருந்தும் வேலையை மறந்துவிட வேண்டியதுதான். போதையை விட்டிருப்பானோ என்னவோ, பிழைப்பு போயிருக்கும். தானாக வந்து சிகிச்சைக்குச் சேருபவன்மேல் வழக்கு வேண்டாம் என்று அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதை எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? போலீஸ் 2022-இல் 'கஞ்சா வேட்டை 2.0' என்று மாநிலம் முழுக்க ஒரு மாசம் தேடியது. அந்த மாதிரி ஒரு மாசம் 64ஏ பற்றிப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

"கேஸ் இல்லேன்னா விக்கிறவனும் தப்பிச்சுருவானே தம்பி."

அண்ணன் தட்டிப் பார்க்கிற ஆள் என்றேனே. சரியான இடத்தில் தட்டினார். சட்டத்தில் 'சிறு அளவு' என்று ஒரு கோடு இருக்கிறது. அதற்குள் இருந்தால் மேலே சொன்ன தண்டனை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது பத்து வருஷம். அந்தச் சிறு அளவுக் கோடு எங்கே இருக்கிறது தெரியுமா? ஆயிரம் கிராமில். ஜெர்மனி 2024-இல் அனுமதித்தபோது வெளியில் வைத்திருக்க 25 கிராம் என்றது. கனடாவில் 30. நம் சட்டம் பத்து கிராம் பையனையும், பத்து பத்து கிராமாக மடித்துத் தொண்ணூறு பொட்டலத்தோடு பள்ளிக்கூட வாசலில் நிற்பவனையும் ஒரே பெட்டியில் போடுகிறது. பையனுக்கு அது அதிகம், அவனுக்கு அது குறைச்சல். கோட்டை முப்பது கிராமுக்கு இறக்கி, அதற்குள் இருப்பவனுக்கு வழக்கில்லாமல் அபராதமும் கவுன்சலிங்கும் போதும் என்று வைத்தால் இரண்டு பேரும் பிரிந்துவிடுவார்கள். பாராளுமன்றத்தில் ஒரு திருத்தம், அவ்வளவுதான்.

அண்ணனுக்குக் கிராம் பிடிபடவில்லை. டன்னில் பழகியவர். "ஆயிரம் கிராம்னா என்ன, ஒரு கிலோதானே. பெரிசா சொல்ற?"

பாய்லருக்குப் பக்கத்துப் பலகையில் பிரிக்காத டீத்தூள் பாக்கெட் ஒன்று இருந்தது. ஒரு கிலோ. மாஸ்டரிடம் கேட்டு வாங்கி அண்ணன் கையில் வைத்தேன். அவர் அதைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார்.

"மாஸ்டர், இது ஒரு ஆளுக்கு எத்தனை நாளைக்கு வரும்?"

"ஒரு ஆளுக்கா?" மாஸ்டர் பாக்கெட்டைத் திரும்ப வாங்கிப் பலகையில் வைத்தார். "கடைக்கே ஒரு நாள் ஓடும்ணே."